ஆர்கெஸ்ட்ரா ஃபெலோஷிப்: ஆறாவது ஸ்டாண்டில் உட்காரும் மாணவர் என்ன கற்கிறார்?

நம் ஊரில் ஆர்கெஸ்ட்ரா என்றால் கல்யாண மண்டபத்து மெல்லிசைக் கச்சேரிதான் முதலில் நினைவுக்கு வரும். இங்கே பேசப்போவது சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவைப் பற்றி. எண்பது, தொண்ணூறு பேர் சேர்ந்து வாசிக்கும் மேற்கத்தியச் செவ்வியல் இசைக்குழு அது. அதில் பாதிக்கு மேல் தந்தி வாத்தியக்காரர்கள். பெரிய குழுவில் முதல் வயலின் 16, இரண்டாம் வயலின் 14, வியோலா 12, செல்லோ 10, டபுள் பேஸ் 8 என்று இருக்கும். கூட்டினால் 60.

இந்த 60 நாற்காலிகளில் சிலவற்றை, இன்னும் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்குக் கொடுத்து, வாசிப்பதற்குப் பணமும் கொடுத்து, தொழில்முறைக் கலைஞர்களோடு ஒத்திகையிலும் மேடையிலும் உட்கார வைக்கிறார்கள். அந்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் ஆர்கெஸ்ட்ரா ஃபெலோஷிப்.

கர்நாடக சங்கீதக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இது புதிதல்ல. வித்வானுக்குப் பின்னால் தம்புராவோடு உட்கார்ந்து பின்பாட்டுப் பாடும் சிஷ்யரைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் எத்தனை வருஷம் பாடம் கேட்டாலும், மேடையில் குருவின் மூச்சு எங்கே நிற்கிறது என்பதைப் பின்னால் உட்கார்ந்தால்தான் பிடிக்க முடியும். ஃபெலோஷிப்பும் அதே யோசனைதான். ஒரு வித்தியாசம்: பின்பாட்டில் சிஷ்யருக்கு இடம் பின்னால். இங்கே மாணவருக்கு அதே வரிசை, அதே ஸ்டாண்டு (இசைத்தாளை வைக்கும் தாங்கி), அதே பக்கம். கேட்கிறவருக்கு யார் மாணவர் என்று தெரியவே கூடாது.

ஏன் பெரும்பாலும் தந்தி வாத்தியத்துக்கு மட்டும்? ஒபோ, ட்ரம்பெட் மாதிரி ஊதும் வாத்தியங்களில் ஒவ்வொருவருக்கும் தனி வரி, அதாவது அவர் வாசிக்க வேண்டிய ஸ்வரங்கள் எழுதிய தாள். ஒரு மாணவரை உட்கார வைக்க வேண்டுமானால், ஏற்கெனவே இருப்பவரை எழுப்ப வேண்டும். வயலினில் அந்தப் பிரச்சினை இல்லை. 14 பேர் ஒரே வரியை வாசிக்கும் இடத்தில் பதினைந்தாவதாக ஒருவர் வந்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. வந்தவர் தடுமாறினாலும் மற்ற 14 பேர் தாங்கிக்கொள்வார்கள், ஓரளவுக்கு.

இசைக் கல்லூரிகளிலும் மாணவர் ஆர்கெஸ்ட்ரா உண்டே, அது போதாதா என்று கேட்கலாம். கல்லூரியில் ஒரு நிகழ்ச்சிக்குப் பல வாரங்கள் ஒத்திகை நடக்கும். ஸ்வரத்தைக் கற்றுக்கொள்வதே ஒத்திகையில்தான். தொழில்முறைக் குழுவில் நான்கு ஒத்திகை, அதன் பிறகு மேடை. முதல் ஒத்திகைக்கு வரும்போதே எல்லோருக்கும் வரி கையில் இருக்கும். ஒத்திகை என்பது சேர்ந்து வாசிப்பதைச் சரிசெய்ய மட்டும். இந்த வேகத்தைக் கல்லூரிக்குள் உருவாக்க முடியாது. அதற்கு அனுபவசாலிகள் நடுவே போய் உட்கார வேண்டும்.

சில உண்மையான ஃபெலோஷிப்கள்

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரம் நல்ல உதாரணம். 1895இல் தொடங்கிய சின்சினாட்டி சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவும், சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரியும் சேர்ந்து 2015இல் ஒரு ஃபெலோஷிப்பை அறிவித்தன. மெலன் அறக்கட்டளை 9 லட்சம் டாலர் கொடுத்தது. வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ் மாணவர்களுக்கு மட்டுமான திட்டம் இது. காலம் இரண்டு வருஷம். மாணவர் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பிலோ கலைஞர் டிப்ளமாவிலோ சேர்ந்து படிப்பார். கூடவே ஒவ்வொரு சீசனிலும் மொத்தம் ஐந்து வாரத்துக்குச் சமமான வேலையை ஆர்கெஸ்ட்ராவில் செய்வார். படிப்புக் கட்டணத்தைக் கல்லூரி பார்த்துக்கொள்கிறது, மேடை வேலைக்கு ஆர்கெஸ்ட்ரா தனியாகப் பணம் தருகிறது.

அந்தத் திட்டத்துக்கு இன்னொரு நோக்கமும் உண்டு. அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களின் கூட்டமைப்பு வெளியிட்ட கணக்குப்படி, 2014இல் அந்நாட்டுக் குழுக்களில் வாசித்தவர்களில் கறுப்பினத்தவர் 1.8 சதவீதம், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் 2.5 சதவீதம். அதனால் அதுவரை மேடையில் இடம் கிடைக்காத சமூகத்து மாணவர்களுக்காகவே அந்த ஃபெலோஷிப்பைத் தொடங்கினார்கள். டெட்ராய்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா 1990லேயே ஆப்பிரிக்க அமெரிக்கக் கலைஞர்களுக்காக இதைத் தொடங்கிவிட்டது.

லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா 1992 முதல் நடத்தும் திட்டம் வேறு மாதிரி. லண்டனில் உள்ள இசைக் கல்லூரி மாணவர்களிலிருந்து தேர்வு வைத்துச் சிலரை எடுத்து, கூடுதல் கலைஞர்களாக ஒத்திகைக்கும் கச்சேரிக்கும் அழைக்கிறார்கள். குழுவின் சாதாரண உறுப்பினருக்கு இணையான கட்டணம் தருகிறார்கள். பெர்லின் ஃபில்ஹார்மோனிக் குழுவுக்காக அதன் கண்டக்டர் (கையசைத்துக் குழுவை நடத்துபவர்) கரயான் 1972இல் ஏற்படுத்திய அகாதமி இன்னும் ஆழமானது. அங்கே குழுவின் உறுப்பினர்களே இரண்டு வருஷம் பாடமும் சொல்லித்தருவார்கள்.

ஊருக்கு ஊர் அமைப்பு மாறும். விண்ணப்பிக்கும் முன் நான்கு விஷயம் பாருங்கள்: பல்கலைக்கழகத்தில் சேர்வது கட்டாயமா, வருஷத்துக்கு எத்தனை வாரம் மேடை, பணம் உதவித்தொகையா கட்டணமா, குழுவிலிருந்து ஒருவர் பொறுப்பெடுத்து வழிகாட்டுவாரா. நான்காவதற்குத் தெளிவான பதில் இல்லாத திட்டம், ஆள் குறையும் வாரத்தில் நாற்காலியை நிரப்பும் ஏற்பாடாகவே முடியும்.

ஒரு வாரம் எப்படி நடக்கும்

ஆர்கெஸ்ட்ரா வேலையை நாள் கணக்கில் எண்ணுவதில்லை. 'சர்வீஸ்' என்பார்கள். ஒரு ஒத்திகை ஒரு சர்வீஸ், ஒரு கச்சேரி ஒரு சர்வீஸ். அமெரிக்காவில் ஒரு சர்வீஸ் சுமார் இரண்டரை மணி நேரம், வாரத்துக்கு அதிகபட்சம் எட்டு என்பது வழக்கமான கணக்கு. புதன், வியாழன், வெள்ளியில் நான்கு ஒத்திகை, வெள்ளி இரவு, சனி இரவு, ஞாயிறு பிற்பகல் என மூன்று கச்சேரி. அடுத்த வாரம் வேறு கண்டக்டர், வேறு நிகழ்ச்சி.

ஒத்திகை 10 மணி என்றால் 10 மணிக்கு முதல் ஸ்வரம். நீங்கள் 9.30க்கு உள்ளே இருக்க வேண்டும், 9.50க்கு நாற்காலியில். 10 மணிக்குச் சற்று முன்பு ஒபோ 'ஏ' ஸ்வரத்தைக் கொடுக்கும், எல்லோரும் அதற்குச் ஸ்ருதி சேர்ப்பார்கள். அமெரிக்காவில் அது பொதுவாக 440 ஹெர்ட்ஸ், ஜெர்மனியில் 443 வரை போகும். முடியும் நேரமும் அப்படித்தான். தொழிற்சங்க ஒப்பந்தம் இருப்பதால், நேரம் தாண்டினால் நிர்வாகம் கூடுதல் பணம் தர வேண்டும். கண்டக்டர் அரை வரியில் நிறுத்திவிட்டுப் போவதைப் பார்த்து மாணவர்கள் திகைப்பார்கள். பழகிவிடும்.

உண்மையான வேலை அதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பே தொடங்குகிறது. குழுவின் இசை நூலகர் உங்கள் வரியை அனுப்புவார். அதில் போயிங் குறிகள், அதாவது வில்லை எந்த ஸ்வரத்தில் இழுக்க வேண்டும், எதில் தள்ள வேண்டும் என்ற அடையாளங்கள், ஏற்கெனவே போட்டிருக்கும். முதல் வயலின் பிரிவின் தலைவரான கான்சர்ட்மாஸ்டர் முடிவு செய்ததை மற்றப் பிரிவுத் தலைவர்கள் தங்கள் பிரிவுக்கு ஏற்றபடி அமைத்திருப்பார்கள். உங்கள் ஆசிரியர் வேறு மாதிரி சொல்லித்தந்திருக்கலாம். மறந்துவிடுங்கள். 14 வில் ஒரு பக்கம் போகும்போது ஒரு வில் எதிர்ப்பக்கம் போனால், பால்கனியில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியும்.

வரி கையில் வந்ததும் முழுவதையும் முதல் பக்கத்திலிருந்து சாதகம் செய்யத் தொடங்காதீர்கள். முதலில் இரண்டு மூன்று ஒலிப்பதிவுகளைக் கேட்டபடி, வரியைப் பார்த்துக்கொண்டே மூன்று வகையாகப் பிரியுங்கள். பார்த்த உடனே வாசிக்கக்கூடிய பக்கங்கள் ஒன்று. அவற்றை விட்டுவிடலாம். வேகமான, விரல் சிக்கும் இடங்கள் இரண்டாவது. அவற்றை மெட்ரோனோமில் (தாளம் தட்டும் கருவி) பாதி வேகத்தில் தொடங்கி ஏற்றுங்கள். கச்சேரி வேகத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவும் வாசித்துப் பாருங்கள், ஏனென்றால் கண்டக்டர் எந்த வேகத்தில் எடுப்பார் என்று தெரியாது. மூன்றாவது, உங்கள் பிரிவு மட்டும் தனியாகக் கேட்கும் மெல்லிய இடங்கள். மாணவர்கள் ஒதுக்கிவிட்டுப் போவது இவற்றைத்தான், மேடையில் கவிழ்வதும் இங்கேதான். நீண்ட மௌனத்துக்குப் பின் நுழையும் இடங்களில், அதற்கு முன் எந்த வாத்தியம் என்ன வாசிக்கிறது என்று பென்சிலில் எழுதிக்கொள்ளுங்கள். 'ஹார்னுக்கு அப்புறம்' என்ற இரண்டு சொல் போதும்.

பென்சில் 2பி. பேனா கூடவே கூடாது. பல வரிகள் வாடகைக்கு வந்தவை, அழித்துத் திருப்பித் தர வேண்டும். பெட்டியில் இன்னும் இருக்க வேண்டியவை: அழிப்பான், ஒரு செட் மாற்றுத் தந்தி, வில்லில் தடவும் ரோசின், ஒலியை மென்மையாக்கும் மியூட், காதடைப்பான். ட்ரம்பெட்டுக்கு முன்னால் உட்கார வேண்டி வந்தால் காதடைப்பானின் அருமை அப்போது தெரியும்.

ஸ்டாண்டில் இருவர்

தந்தி வாத்தியக்காரர்கள் இருவருக்கு ஒரு ஸ்டாண்டு. சபைப் பக்கம் இருப்பவர் 'வெளி' ஆள், மற்றவர் 'உள்' ஆள். ஃபெலோ, அதாவது ஃபெலோஷிப் மாணவர், பெரும்பாலும் உள் ஆளாகவே உட்காருவார். பக்கம் திருப்புவது உள் ஆளின் வேலை. சின்ன விஷயம்போல் தெரியும், செய்து பார்த்தால் தெரியும் கஷ்டம். பக்கத்தின் கடைசி வரியில் சில மாத்திரைக்கு முன்பே வாசிப்பதை நிறுத்தி, கையைத் தூக்கி, வெளி ஆள் கடைசி ஸ்வரத்தைப் படித்து முடிக்கும் கணத்தில் திருப்ப வேண்டும். சீக்கிரம் திருப்பினால் அவருக்குக் கடைசி ஸ்வரங்கள் போகும், தாமதித்தால் அடுத்த பக்கம் போகும். மெதுவான இடத்தில் காகிதச் சத்தமும் கேட்கும். சிலர் மனப்பாடமாக ஒரு வரி முன்னால் இருப்பார்கள், சிலருக்குக் கடைசி வரை காகிதம் வேண்டும். இடைவேளையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

விரல் எண்களை எழுதும்போது வெளி ஆள் ஸ்வரத்துக்கு மேலே எழுதுவார், உள் ஆள் கீழே எழுதுவார். ஒரே பக்கத்தை இருவர் பார்ப்பதால் இந்தப் பங்கீடு. வரி இரண்டாகப் பிரியும் இடத்தில் பொதுவாக மேல் ஸ்வரம் வெளி ஆளுக்கு, கீழ் ஸ்வரம் உள் ஆளுக்கு.

போயிங் ஒத்திகை நடுவே மாறும். இது நடக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். முதல் ஸ்டாண்டில் பிரிவுத் தலைவர் திரும்பி, வில்லை ஆட்டிக் காட்டி ஒரு வார்த்தை சொல்வார். இரண்டாம் ஸ்டாண்டின் உள் ஆள் குறித்துக்கொண்டே திரும்பி மூன்றாவதற்குச் சொல்வார். அப்படியே கடைசி வரை. இதற்குள் கண்டக்டர் மறுபடியும் தொடங்கியிருப்பார். உள் ஆள் எழுதுகிறார், வெளி ஆள் வாசித்துக்கொண்டே இருக்கிறார். நடுவில் ஒரு ஃபெலோ தனக்கு வந்ததை மட்டும் எழுதிக்கொண்டு பின்னால் சொல்ல மறந்தால், அந்த இடத்திலிருந்து பின் வரிசை முழுவதும் பழைய போயிங்கில் போகும். முதல் வாரத்தில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். கல்லூரியில் ஆசிரியர் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிடுவதால், செய்தியைக் கடத்தும் பழக்கமே வந்திருக்காது.

காது ஏமாற்றும்

கச்சேரித் தரத்தில் தனி ஆவர்த்தனம்போல் ஒரு கான்செர்ட்டோவை (ஒருவர் முன்னின்று குழுவோடு வாசிக்கும் உருப்படி) மனப்பாடமாக வாசிக்கும் மாணவர், ஆறாவது ஸ்டாண்டில் உட்கார்ந்ததும் இரண்டாம் வரியிலேயே பின்தங்குவார். காரணம் திறமைக் குறைவல்ல, கணக்கு.

ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். கடைசி ஸ்டாண்டுக்கும் முதல் ஸ்டாண்டுக்கும் 10 மீட்டர் என்று வையுங்கள். முன்னால் வாசித்தது உங்கள் காதுக்கு வர 29 மில்லி நொடி ஆகும். அதைக் கேட்டு, அதோடு சேர்ந்து வாசித்தால், உங்கள் ஒலி மறுபடியும் அவ்வளவு தூரம் போய்க் கண்டக்டரை அடைய இன்னொரு 29. மொத்தம் 58. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில், ஒரு தட்டுக்கு நான்கு ஸ்வரம் என்றால் ஒரு ஸ்வரத்தின் நீளம் 125 மில்லி நொடி. நீங்கள் கிட்டத்தட்ட அரை ஸ்வரம் தாமதம். உங்கள் காதுக்கோ எல்லாம் கச்சிதமாகச் சேர்ந்திருப்பதாகத்தான் கேட்கும்.

அதனால் பின்வரிசையில் காதைவிடக் கண்ணுக்கு வேலை அதிகம். கான்சர்ட்மாஸ்டரின் வில், உங்கள் பிரிவுத் தலைவரின் வில், கண்டக்டரின் கை என மூன்றையும் ஓரக்கண்ணில் வைத்துக்கொண்டு, வில் தொடும் கணத்தில் நீங்களும் தொட வேண்டும். கேட்பதற்குத் தாங்கள் முந்திக்கொள்வதுபோல் இருக்கும். இருக்கட்டும்.

இதில் இன்னொரு முடிச்சு. பல குழுக்களில், முக்கியமாக ஜெர்மன் மரபில், கண்டக்டரின் கை கீழே வந்த பிறகு ஒரு மூச்சு விட்டே ஒலி வரும். கையைப் பார்த்து அந்தக் கணமே வாசித்தவர் தனியாக முந்தி மாட்டுவார். எவ்வளவு விட வேண்டும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். குழுவுக்குக் குழு மாறும், ஒரே குழுவில் கண்டக்டருக்குக் கண்டக்டர் மாறும். முதல் ஒத்திகையின் முதல் ஐந்து நிமிடம் அடக்கமாக வாசித்து, அந்த இடைவெளியை உடம்பில் வாங்கிக்கொள்வதுதான் வழி.

அடுத்து ஒலியளவு. தனி வாத்தியக்காரருக்கு, மிக மெதுவாக என்றாலும் அரங்கின் கடைசி வரை போக வேண்டும். 14 பேர் சேர்ந்து மெதுவாக வாசிக்கும்போது ஒருவரின் பங்கு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. உங்கள் வயலின் உங்களுக்கே தனியாகக் கேட்டால் அதிகம். வில்லின் எந்தப் பகுதியை, எவ்வளவு நீளம் பயன்படுத்துகிறார் என்று பிரிவுத் தலைவரைப் பார்த்து அப்படியே செய்தால் ஒலி தானாகப் பொருந்தும். பக்கவாத்தியமாக வயலின் வாசித்துப் பழகியவர்களுக்கு இது ரொம்பவே முரணாக இருக்கும். அங்கே பாடகர் சங்கதியைத் திருப்பிச் சொல்லி உங்கள் கை தெரிய வேண்டும். இங்கே கை தெரியாமல் இருப்பதற்குத்தான் சம்பளம்.

இன்னும் சில ஆபத்துகள். மௌன மாத்திரைகளைத் தப்பாக எண்ணி, எல்லோரும் சும்மா இருக்கும் இடத்தில் ஒரு ஸ்வரம் விழுவது. சந்தேகம் இருந்தால் வில்லை வைக்காதீர்கள், பக்கத்தவர் வைத்த பிறகு வையுங்கள். மியூட்டைத் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் அவசரமாகப் பொருத்தும்போது அது மரத்தரையில் விழுந்து உருள்வது. யாராவது தப்பு செய்ததும் திரும்பிப் பார்ப்பது: ஸ்வரத் தப்பை மன்னிப்பார்கள், இதை மன்னிக்க மாட்டார்கள். கண்டக்டரிடம் நேரே கை தூக்கிச் சந்தேகம் கேட்பதும் அப்படித்தான். ஸ்டாண்டுத் தோழரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் இடைவேளையில் பிரிவுத் தலைவரிடம் போகலாம்.

பணம், விசா, உடம்பு

பல்கலைக்கழக வகுப்பும் எட்டு சர்வீஸும் ஒரே வாரத்தில் மோதும். ஆர்கெஸ்ட்ரா அட்டவணை மாதங்களுக்கு முன்பே வந்துவிடும், அதைச் செமஸ்டர் தொடங்கும் முன் ஆசிரியர்களிடம் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். ஒரு வாரத்தில் 20 மணி நேர மேடை வேலையும், மேலே நான்கு மணி நேரத் தினசரி சாதகமும் என்றால் தோளும் மணிக்கட்டும் தாங்காது. மேடை வாரத்தில் சாதகத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

இங்கிருந்து வெளிநாடு போய்ப் படிக்கும் மாணவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாணவர் விசாவில் வளாகத்துக்கு வெளியே சம்பளத்துக்கு வாசிப்பதற்கு அமெரிக்காவில் முன் அனுமதி தேவை. பிரிட்டனில் மாணவர் விசாக்காரர் மேடைக் கலைஞராக வேலை செய்வதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. தேர்வில் வென்ற பிறகு விசாரிப்பதைவிட, விண்ணப்பிக்கும்போதே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்பது நல்லது.

திரைக்கு முன்னால்

ஃபெலோஷிப் நிரந்தர வேலை ஆகாது. இரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவருக்கும் அதே குழுவில் இடம் வேண்டுமானால் ஆடிஷன்தான். அமெரிக்காவில் முதல் சுற்றுகளில் நடுவர்களுக்கும் உங்களுக்கும் நடுவே திரை இருக்கும். காலணிச் சத்தத்தில் ஆணா பெண்ணா என்று தெரியாமலிருக்கத் தரையில் கம்பளம்கூட விரிப்பார்கள். பெயர் கிடையாது, ஓர் எண் மட்டும். சில குழுக்கள் ஃபெலோக்களை முதல் சுற்றைத் தாண்டி அனுப்பும், எல்லாக் குழுக்களும் அப்படிச் செய்வதில்லை.

அங்கே கேட்பது முழு உருப்படிகளை அல்ல, ஆர்கெஸ்ட்ரா வரிகளிலிருந்து அரை நிமிடம், ஒரு நிமிடத் துண்டுகள். வயலினுக்கு ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் டான் ஹுவான் முதல் பக்கம், ஷூமானின் இரண்டாம் சிம்பொனியில் ஸ்கெர்ட்ஸோ என்ற வேகமான பகுதி, மோட்சார்ட்டின் 39ஆம் சிம்பொனி. டபுள் பேஸுக்கு பீத்தோவன் ஐந்தாம் சிம்பொனியின் மூன்றாம் பகுதி. செல்லோவுக்கு அதே சிம்பொனியின் இரண்டாம் பகுதி. உலகம் முழுக்க ஏறக்குறைய இதே பட்டியல்தான். ஃபெலோஷிப்பின் மிகப் பெரிய லாபம் இங்கே: குழு உறுப்பினர்களே நடுவர்களாக உட்கார்ந்து உங்களுக்கு மாதிரி ஆடிஷன் வைப்பார்கள். மோட்சார்ட் துண்டில் ஸ்வரம் எல்லாம் சரியாக இருந்தும் ஏன் ஓட்டு விழவில்லை என்று கேட்டால், 'எட்டாவது மாத்திரையில் வேகம் கூடிவிட்டது' என்பது மாதிரி துல்லியமான பதில் வரும். அந்த நடுவர் அந்த வரியை மேடையில் எத்தனையோ முறை வாசித்தவர்.

ஆடிஷன் கைகூடாவிட்டாலும், நன்றாக நடந்துகொண்ட ஃபெலோவின் பெயர் மாற்று ஆட்கள் பட்டியலில் ஏறும். நிரந்தர உறுப்பினருக்குக் காய்ச்சல், மகப்பேறு விடுப்பு, பெரிய உருப்படிக்குக் கூடுதல் ஆள் என்றால் அந்தப் பட்டியலிலிருந்துதான் கூப்பிடுவார்கள். செவ்வாய் சாயங்காலம் போன் வரும்: நாளைக் காலை 10 மணி, இரண்டாம் வயலின், ஐந்தாவது ஸ்டாண்டு, உள் நாற்காலி.